அவர் பழக்கிய நாய்

நாயை எப்படிப் பழக்க வேண்டும் என்று என் கணவர் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "பெரம்பலூர்ல இருந்தப்ப ஒரு நாய் வச்சிருந்தேன் பாருங்க. வாயத் தொறக்க வேணாம், கையக் காட்டினா போதும், உக்காந்துடும்" என்பார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் அவருடைய பழைய நண்பர் ஒருவரிடம் அதையே மறுபடி சொன்னபோது, "யார் கையக் காட்டினா?" என்று நின்று கேட்டுவிட்டேன். நண்பர் சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எழுபதுகளின் கடைசி. நான் பெரம்பலூர் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போன், முன்னால் ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை, கையில் கயிறு மாதிரி ஒயர்கள். யார் யாரோடு பேச வேண்டுமோ அந்த ஓட்டையில் ஒயரைச் செருக வேண்டும். வெளியூர் பேச டிரங்கால் புக் பண்ணிவிட்டு ஜனங்கள் அரை நாள் காத்திருப்பார்கள். காத்திருந்த கோபமெல்லாம் எங்கள் காதில்தான் விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். எதிர்முனையில் ஒருவர் கத்தும்போது நாமும் கத்தினால் அவர் இன்னும் கத்துவார். குரலைத் தணித்து, சொன்னதையே சொன்னால் கொஞ்ச நேரத்தில் அவரும் தணிந்துவிடுவார். நாய் வளர்ப்பதற்கு எனக்குத் தெரிந்திருந்த வித்தை அது ஒன்றுதான்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். துறைமங்கலம் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரும்பாவூரில் யாரோ தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒயர் கூடையில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செம்பழுப்பு.

"ராஜபாளையம். அசல் ஜாதி" என்றார்.

"அசல் ஜாதிக்குக் காது இப்படியா இருக்கும்?"

"உனக்கு என்ன தெரியும்?"

ஒரு இங்கிலீஷ் பெயரும் வைத்தார். அந்தப் பெயரைச் சொன்னால் அது எந்தக் காலத்திலும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் குட்டி என்று கூப்பிட்டேன். அது கிழமான பிறகும் குட்டிதான்.

குட்டி வந்த மறுநாள் காலை அவருடைய மடித்த வேட்டியின் மேல் மூத்திரம் போனது. அதன் கழுத்தைப் பிடித்து மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்துவிட்டு, விசிறிக் கட்டையால் இரண்டு போட்டார். "இப்படிப் பண்ணாத்தான் புத்தி வரும்" என்றார். புத்தி வந்தது. மனுஷர் கண்ணெதிரில் மூத்திரம் போனால் அடி விழும் என்ற புத்தி. அதற்குப் பிறகு அது யாருக்கும் தெரியாமல் நெல் டிரம்முக்குப் பின்னால் போய்ப் போனது. வீடு நாறியது. துடைத்தது யார்? காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய நான். புத்தி சொன்னவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேப்பர் படித்தார்.

நான் நாலைந்து நாள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். தூங்கி எழுந்ததும் போகும். சாப்பிட்டதும் போகும். கொஞ்சம் விளையாடியதும் தரையை முகர்ந்து ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போகும். இவ்வளவுதான் விஷயம். எழுந்த உடனே தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் பூவரச மரத்தடியில் விட்டேன். போனதும் "சமத்து" என்று தடவிக் கொடுத்து, ஒரு பொரியை வாயில் போட்டேன். வீட்டுக்குள் போய்விட்டால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டு, இன்னும் சீக்கிரம் தூக்கிப் போயிருக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றாவது வாரம் அது தானாகவே பின்கதவில் போய் நின்று என்னைப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை இவரிடம் சொன்னேன். "நான் குடுத்த அடி வேலை செய்யுது பாத்தியா?" என்றார்.

அடுத்தது அழுகை. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிப் பூட்டைத் தொங்கவிட்டதும் குட்டி ஊளையிடும். நிறுத்தாமல் இடும். பக்கத்து வீட்டம்மா என்னைத் தெருமுனையிலேயே மடக்கினாள்.

"ஏம்மா, உங்க வூட்டுல யாராச்சும் செத்துட்டாங்களா? காலையிலேர்ந்து ஒப்பாரி. எங்க மாமனாருக்கு நெஞ்சு படபடன்னு வருதுங்குறாரு."

அவள் சொன்னதில் தப்பில்லை. இவர் அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார். அலுவலகத்தில் வேட்டை நாய் வளர்த்த அனுபவஸ்தர் ஒருவர் இருந்தாராம். இருட்டு அறையில் இரண்டு நாள் பூட்டிப் போட்டு, ஊளையிடும்போதெல்லாம் கதவைத் தடியால் அடித்தால் வாயை மூடிவிடும் என்று அவர் சொன்னாராம். தனியாக இருக்கப் பயந்து அழுகிற ஜீவனை இன்னும் பயமுறுத்தினால் அழுகை நிற்குமாம்! ஒரு வயதுக் குழந்தைக்கு இப்படிச் செய்வார்களா என்று கேட்டேன். "நாயும் கொழந்தையும் ஒண்ணா?" என்றார். ஒன்றில்லைதான். குழந்தை வளர்ந்ததும் நடந்ததைச் சொல்லும்.

எனக்கு இரண்டு மணி ஷிப்டு வந்த வாரத்தில் காலை நேரம் முழுவதும் என் கையில் இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டுவேன். குட்டி எழுந்து நிற்கும். பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவேன். பத்துத் தடவை செய்ததும் பைக்கு எழுந்திருப்பதை விட்டுவிட்டது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று பத்து எண்ணித் திரும்பி வந்தேன். பிறகு நூறு. பிறகு தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். போகும்போது கொஞ்சவில்லை, வரும்போதும் கொஞ்சவில்லை. கிளம்புகிறபோது மட்டும் ஒரு கொட்டாங்கச்சியில் பழைய சோற்றை அழுத்தி வைத்துக் கொடுத்தேன். அதை நக்கிச் சுரண்டி முடிக்க அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். முடித்ததும் அலுத்துப்போய்த் தூங்கிவிடும். பத்துப் பதினைந்து நாளில் பக்கத்து வீட்டம்மா, "நாயக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

செருப்பு விவகாரம் வேறு. அவருடைய புதுத் தோல் செருப்பை ஒரு நாள் கடித்துக் குதறிவிட்டது. சாயந்திரம் வந்து பார்த்தார். குட்டி அப்போது மரத்தடியில் படுத்திருந்தது. அன்பாகக் கூப்பிட்டார். ரொம்ப அன்பாக. அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. காதைப் பிடித்து அந்தச் செருப்பாலேயே அடித்தார். அது செருப்பைக் கடித்தது மத்தியானம். அடி விழுந்தது சாயந்திரம், கூப்பிட்டதும் ஓடிவந்ததற்கு. அதற்குப் புரிந்தது அவ்வளவுதான். மறுநாளிலிருந்து யார் கூப்பிட்டாலும் அது வரவில்லை. நான் கூப்பிட்டாலும் தள்ளி நின்று என் கையைப் பார்த்தது. அந்தப் பார்வையை மாற்ற எனக்கு இரண்டு மாதம் ஆனது. குளிப்பாட்ட, கட்டிப்போட, திட்ட என்று எதற்கும் அதை நான் கூப்பிடவில்லை. அந்த வேலைகளுக்கு நானே அதனிடம் போவேன். கூப்பிட்டால் பொரி, தடவல், இரண்டு நல்ல வார்த்தை. செருப்பை உத்தரத்தில் மாட்டிய பையில் போட்டு வைத்தேன். செருப்புக் கடிக்கிற பிரச்சினைக்கு அதைவிடப் பெரிய வைத்தியம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அனுபவஸ்தர் ஒரு நாள் நேரிலேயே வந்தார். கையில் சவரக்கத்தி. என்னவென்று கேட்டேன்.

"காது தொங்குதும்மா. நறுக்கி விட்டுட்டா காவலுக்கு நல்லா வரும். ரோஷம் வரும். சோத்துல கொஞ்சம் மொளகாத் தூளும் போட்டுக் குடுங்க."

இவர் குட்டியைப் பிடிக்கப் பின்பக்கம் போனார். நான் போய்ப் பின்வாசல்படியில் குறுக்கே நின்றேன்.

"அந்தக் கத்தியப் பைக்குள்ள வச்சுட்டு வாங்க, காபி தரேன். இல்லேன்னா அப்படியே கெளம்புங்க சார்."

எக்சேஞ்சில் பேசுகிற அதே குரலில்தான் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். வந்தவர் காபி குடிக்காமலே போய்விட்டார். வந்த மனுஷரை அவமானப்படுத்திவிட்டேன் என்று இவருக்கு ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. காதில்லாமல் போயிருக்க வேண்டியது எதுவோ, அதற்கு எந்த அவமானமும் இல்லை போலிருக்கிறது.

ஒரு வயது முடிகிறபோது குட்டி, பார்த்தவர்கள் நின்று பார்க்கிற நாயாக வளர்ந்திருந்தது. வருகிறவர்கள் மேல் தாவாது. தாவினால் நான் முதுகைத் திருப்பிக்கொள்வேன், நாலு காலும் தரையில் இருந்தால்தான் தொடுவேன். அதனால் வந்த பழக்கம். தபால்காரரைக் கண்டால் மட்டும் குரைக்கும். ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து, "இத நீங்களே போட்டுட்டுப் போங்களேன்" என்று அவரைக் கேட்டேன். "எனக்கு வேற வேலையில்லையா?" என்று சிடுசிடுத்தார். ஆனாலும் போட்டார். மாதக் கடைசியில் எங்களுக்குக் கடிதம் இல்லாத நாளிலும் கேட்டில் நின்றுவிட்டுப் போனார். வலது கையை விரித்துக் கீழே இறக்கினால் குட்டி உட்காரும். அதை நான் வாயால் சொன்னதேயில்லை. எட்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தால் வீட்டில் யாருக்குப் பேசத் தோன்றும்?

இவருடைய மேலதிகாரி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அரியலூருக்கு மாற்றலாகிப் போகிறவர். குட்டி தின்பண்டத் தட்டைப் பார்த்தும் எழுந்திருக்காமல் ஓரமாகப் படுத்திருந்ததைக் கண்டு, "நாய்னா இப்படில்ல இருக்கணும்" என்றார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்து நின்று, "சிட்!" என்றார் மிடுக்காக. குட்டி அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. விருந்தாளி முன்னால் அவர் முகம் வாட வேண்டாமே என்று, சமையலறை வாசலில் நின்றபடி கையை இறக்கினேன். உட்கார்ந்தது. "பலே" என்றார் அதிகாரி. என் வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

நாலு நாள் கழித்து ஷிப்டு முடிந்து வந்தால் கேட்டுக்குள் சத்தமில்லை. கயிறும் இல்லை.

"ஐயா வீட்டுக்குக் குடுத்துட்டேன். ஜீப் அனுப்பியிருந்தாரு. புது எடம், பெரிய காம்பவுண்டு, காவலுக்கு வேணும்னாரு. நம்மள மதிச்சுக் கேக்குறாரு, எப்படி மாட்டேங்கறது?"

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நாயிதானே? வேற ஒண்ணு புடிச்சுத் தரேன்."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், சமாதானம் சொல்லி முடித்திருப்பார். அந்தக் கோபத்தை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. சோறு வடித்தேன், போட்டேன். இரண்டு மாதம் அப்படி ஓடியது. "எப்படி இருக்குன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்று மூன்று தடவை சொன்னேன். "நல்லா இருக்குதாம்" என்று மூன்று தடவையும் சொன்னார். ஒரு தடவையும் கேட்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அரியலூரிலிருந்து டிரங்கால் ஒன்று வந்தது. அரியலூர் ஆபரேட்டர் எனக்குத் தோழி. முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். அவள் சொன்ன நம்பர் இவருடைய அலுவலகம். இணைத்தேன். லைன் சரியாக இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் கேட்பது வழக்கம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

பேசியது அதிகாரியின் மனைவி.

"என்னங்க நாயக் குடுத்தீங்க? பகலெல்லாம் ஊளை. அவுத்து வுட்டா யாரு கூப்பிட்டாலும் கிட்ட வர்றதில்ல. நேத்து வேலைக்காரியக் கடிச்சுக் கொதறிருச்சு. முனிசிபாலிட்டி ஆள வரச் சொல்லியிருக்கோம், நாளைக்கு வந்து ஊசி போட்டுக் கொன்னுருவாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல, அதான்."

"தாராளமாச் செய்ங்கம்மா" என்றார் என் கணவர். "என் சம்சாரந்தான் ஓவராச் செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சுட்டா. நான் அப்பவே சொன்னேன், அடிச்சு வளக்கணும்னு. ஐயாகிட்ட தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லுங்க."

ஒயரைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது. பிடுங்கவில்லை. அவர்கள் பேசி முடிக்கிறவரை இருந்து, சுத்தமாக லைனைத் துண்டித்து, சீட்டில் நேரத்தை எழுதினேன். பிறகு சூப்பர்வைசரிடம் போய் வயிற்று வலி என்று அரை நாள் லீவு கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சரியென்றார். அடுத்த அரியலூர் பஸ்ஸில் ஏறினேன்.

வழியெல்லாம் என் மனசு ஒரே இடத்தில் நின்றது. குட்டி கடித்திருக்கிறது. நான் வளர்த்தது ஒரு மனுஷியைக் கடித்திருக்கிறது. நாய் செத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிகிறது, கடிபட்டவள் என்ன ஆனாள் என்று போனில் ஒரு வார்த்தை வந்ததா? சொன்ன அம்மாளும் சொல்லவில்லை, கேட்ட ஐயாவும் கேட்கவில்லை.

அதிகாரியின் வீடு ரெட்டிபாளையம் போகும் சாலையில் இருந்தது. சிமெண்ட் லாரிகள் போகிற பாதை, மரத்து இலையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு இரும்புத் தூணில் குட்டியைக் கட்டியிருந்தார்கள். கயிறு இல்லை, சங்கிலி. படுத்தால் தலை தரையில் படாத அளவுக்குக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். கழுத்தைச் சுற்றி ரோமம் போய், தோல் சிவந்து, ஈ மொய்த்தது. நிழல் இருந்த இடம் சங்கிலிக்கு எட்டவில்லை.

"குட்டி" என்றேன்.

ஓடிவரும் என்று நினைத்தேன். சங்கிலி இழுக்கிறவரையாவது வரும் என்று நினைத்தேன். அது வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, காதை மடித்து, இருந்த இடத்திலேயே மூத்திரம் போனது. என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தது.

பின்கட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். இடது முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது. ஒற்றைக் கையால் பாத்திரக் கூடையை இடுப்பில் இடுக்கியிருந்தாள். கடிபட்ட மறுநாளும் வேலைக்கு வந்திருந்தாள்.

"நான்தாம்மா இத வளத்தது" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மன்னிச்சுக்கம்மா."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "நீங்க என்னங்க பண்ணுவீங்க? அது மேலயும் தப்பு இல்லீங்க. ஊளையுட்டா வெளக்கமாத்தால போடுன்னு அம்மா சொல்லிருந்தாங்க. தெனமும் நான்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். நேத்து மூலையில வச்சுப் போட்டேன். எங்க போவும்? திரும்பிருச்சு."

"ஆஸ்பத்திரி போனீங்களா?"

"போனேங்க. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடணுமாம். மொத ஊசி போட்டாங்க. நாய்க்கு வெறி இல்லாம பத்து நாளு நல்லா இருந்துச்சுன்னா பாதியிலயே நிறுத்திக்கலாம்னு டாக்டரு சொன்னாரு. இவங்க நாளைக்கே கொன்னுப் போடுறோங்குறாங்க. நாய் இல்லேன்னா பதினாலும் போட்டுத்தான் ஆவணும். அதச் சொன்னேன். யாரு கேக்குறா?"

அதிகாரியின் மனைவி அப்போதுதான் முன்வாசலுக்கு வந்தாள். நான் யாரென்று சொன்னேன். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"நாயக் கூட்டிட்டுப் போறேங்க."

"அவரு ஆபீஸ் போயிருக்காரு. வந்ததும் பேசிக்கங்க. கடிக்கிற நாய வெளிய வுட்டா நாளைக்கு எங்களத்தானே கேப்பாங்க?"

"இந்தம்மாவ டாக்டர் பத்து நாள் நாயப் பாக்கச் சொல்லியிருக்காரு. அது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"அதெல்லாம் அவ சொன்னா. ஊசிதானே, போட்டுக்கிட்டா நல்லதுதான்."

"உங்க வயித்துலன்னா இப்படிச் சொல்லுவீங்களா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுதான் வந்தீங்களா?" என்றாள். அது என்னைப் பயமுறுத்தச் சொன்னது. நான் கேட்டருகே போனேன்.

போய்த் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் என்னையும் கடித்திருக்கும். சங்கிலி எட்டுகிற இடத்தில் வெறுந்தரையில், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கையை விரித்துப் பக்கத்தில் வைத்தேன். வெயில் சுட்டது. வாசலில் அதிகாரியின் மனைவி என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மெதுவாக, எக்சேஞ்சில் காத்திருப்பவர்களிடம் சொல்வது போல, "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வாயில் வந்தது அதுதான். அரை மணியாவது ஆகியிருக்கும். சங்கிலி நகர்ந்தது. என் உள்ளங்கையில் ஈர மூக்குப் பட்டது. நான் திரும்பவில்லை. அது என் முதுகில் தலையைச் சாய்த்த பிறகுதான் சங்கிலியைக் கழற்றினேன். என் பையின் வாரை அறுத்துக் கழுத்தில் படாமல் மார்பைச் சுற்றிக் கட்டினேன்.

கேட்டைத் தாண்டும்போது கடிபட்ட அம்மாளிடம் கேட்டேன். "தெனம் ஊசிக்குப் போறப்ப டெலிபோன் ஆபீஸ் பக்கம் போவீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வழிதானுங்க."

"அங்க போன் பேசுற அம்மா என் சிநேகிதி. நாய் எப்படி இருக்குன்னு தெனமும் அவங்களுக்குச் சொல்லிடறேன். நீங்க கேட்டுட்டுப் போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க."

பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. இரண்டாவது பஸ்ஸிலும் ஏற்றவில்லை. சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வழியாகப் போகிற லாரி ஒன்று நின்றது. டிரைவர் நாயின் கழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடிக்குமா?" என்றார். "அடிச்சாக் கடிக்கும்" என்றேன். "நான் ஏன் அடிக்கிறேன், ஏறுங்க" என்றார். அன்றைக்குக் காலையிலிருந்து நான் கேட்ட முதல் நியாயமான பேச்சு அது. குட்டி என் காலடியில் சுருண்டது. வீடு வந்து இறங்கியபோது இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம்.

இவர் வாசலிலேயே நின்றிருந்தார். அதிகாரி வீட்டிலிருந்து இவருடைய அலுவலகத்துக்கு அதற்குள் போன் வந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்க? ஐயா மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"காலையில என்ன சொன்னீங்க? தாராளமாச் செய்ங்கன்னு. சம்சாரம் செல்லங் குடுத்துக் கெடுத்துட்டான்னு."

அவர் முகம் வெளுத்தது. "ஒட்டுக் கேட்டியா? அது குத்தம். தெரிஞ்சா உன் வேலை போயிடும்."

"போகட்டும். நீங்களே எழுதிப் போடுங்க. என்ன கேட்டேன்னும் சேத்து எழுதுங்க."

எழுதவில்லை. கடிக்கிற நாய் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். சரியென்று நானும் பின்கட்டில் பாயை விரித்தேன். பத்து நாள் அதை வெளியாட்கள் யாரும் தொடாதபடி அங்கேயே வைத்திருந்தேன். கழுத்துக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டேன். தினம் வேலைக்குப் போனதும் அரியலூர் லைனில் என் தோழியிடம், "சோறு தின்னுச்சு, தண்ணி குடிச்சுச்சு, நல்லா இருக்கு" என்று சொல்வேன். "வந்து நிக்கிறாங்க, சொல்லிடறேன்" என்பாள். ஒரு நாள் ஹெட்போனுக்குள் தூரத்தில் அந்த அம்மாளின் குரலே கேட்டது. "கழுத்துப் புண்ணு ஆறிருச்சான்னு கேளுங்க." "ஆறிட்டு வருதுன்னு சொல்லு" என்றேன். பத்தாம் நாளோடு டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். நாலு ஊசி மிச்சமானது. மிச்சமானது என்று எழுதவே கை கூசுகிறது. பத்தும் அவள் வயிற்றில் இறங்கியதுதானே.

பத்து நாள் முடிந்ததும் குட்டியை வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டேன். அதைப் பழையபடி கொண்டுவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கொட்டாங்கச்சி, பொரி, பையை மாட்டிக் கழற்றுவது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். முன்பு இரண்டு வாரத்தில் கற்றதை இப்போது இரண்டு மாதத்தில் கற்றது. தனியாக இருக்கும், ஊளையிடாது. கூப்பிட்டால் வரும், நான் கூப்பிட்டால் மட்டும். யாராவது விளக்குமாற்றை எடுத்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். அதைக் கடைசிவரை என்னால் மாற்ற முடியவில்லை. நான் விளக்குமாற்றைத் தரையோடு இழுத்துக்கொண்டே போய்ப் பெருக்கக் கற்றுக்கொண்டேன். அடித்து வளர்த்தவர்கள் யாராவது வந்து அதைச் சரி செய்திருக்கலாமே! யாரும் வரவில்லை. "அந்த வீட்டு நாய் கடிக்கும்" என்ற பேச்சு மட்டும் வந்தது. அரியலூரிலிருந்து இவருடைய அலுவலகம் வழியாக எங்கள் தெருவரை வந்தது.

அடுத்த வருஷம் ஒரு பிரதோஷத்தன்று கடிபட்ட அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாலிகண்டபுரம் கோயிலுக்கு வந்தவள், பெரம்பலூரில் இறங்கி, டெலிபோன் ஆபீசில் விசாரித்துத் தேடி வந்திருந்தாள். கையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. அதிகாரி வீட்டு வேலையை விட்டுவிட்டாளாம், நெல் மில்லில் சேர்ந்துவிட்டாளாம். முழங்கைக்குக் கீழே தழும்பு, தையல் போட்ட துணி மாதிரி இழுத்துக்கொண்டு இருந்தது.

அவள் குரல் கேட்டதும் குட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது. "வா" என்று கூப்பிட வாயெடுத்தேன்.

"கூப்புடாதீங்க" என்றாள். "நான் அடிச்ச கை இது. அதுக்கு ஞாபகம் இருக்கும்."

"நீங்களா அடிச்சீங்க?" என்றேன்.

"கை என்னுதுதானுங்களே."

காபி கொடுத்தேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடியைக் குட்டிக்கு எட்டும்படி கட்டிலோரமாகத் தரையில் வைத்துவிட்டு, "போயிட்டு வரேங்க" என்று எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நானும் கூடப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது கடலை வைத்தபடியே இருந்தது.